ஹேர்னியா: மறைத்து வைத்த ஒரு நோயின் மூவாயிரத்து ஐந்நூறு வருடக் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. தேநீரோடு உட்கார்ந்து ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் ஐம்பது தாண்டிய வாப்பா, மாமா, சாச்சா யாராவது இருந்தால் சத்தமாக வாசித்துக் காட்டினாலும் நல்லது.

நம் ஊர்ப் பக்கங்களில் சில நோய்களைப் பற்றிச் சந்தியில் நின்று பேசுவோம். சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, கொலஸ்ட்ரோலுக்கு என்ன குளிசை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு நோய் இருக்கிறது, அதற்குப் பெயர் சொல்ல மாட்டோம். "அந்த இடத்தில ஒரு சின்ன வீக்கம்" என்று முடித்துக்கொள்வோம். பாரம் தூக்கும் தொழிலாளி, கடலுக்குப் போகிறவர், மேசன், அரிசி ஆலையில் நிற்பவர், நாட்பட்ட இருமல்காரர், பல பிள்ளைகளைப் பெற்ற தாய் என்று எத்தனையோ பேர் இதைச் சாரனுக்குள்ளும் சேலைக்குள்ளும் வருடக்கணக்காக மறைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள். மனைவிக்குச் சொல்லாத கணவனும் உண்டு. பெற்ற மகளுக்குச் சொல்லாத உம்மாவும் உண்டு.

அந்த நோய்தான் ஹேர்னியா. தமிழில் குடலிறக்கம். இன்று இது உலகத்தில் மிக அதிகமாகச் செய்யப்படும் சத்திரசிகிச்சைகளில் ஒன்று. தொடை இடுக்கில் வரும் ஹேர்னியாவுக்கு மட்டும் வருடத்துக்கு இரண்டு கோடி சத்திரசிகிச்சைகள் நடப்பதாக மதிப்பிடுகிறார்கள். இங்கிலாந்தில் எடுத்த ஒரு கணக்கின்படி, வாழ்நாளில் ஆண்களில் நூற்றுக்கு 27 பேரும், பெண்களில் 3 பேரும் இதற்காகச் சத்திரசிகிச்சைக்குப் போக வேண்டி வருகிறது. நாலு ஆணில் ஒருவருக்கு வரக்கூடிய ஒன்றுக்கு வெட்கம் என்ன?

வரலாறு படிப்பிக்கிறவர்கள் என்பதால் நாம் இதை வரலாறாகவே சொல்லப் பார்க்கிறோம். ஏனென்றால் இந்த நோயைக் கண்டுபிடிப்பது முதல் குணமாகி வேலைக்குத் திரும்புவது வரை இன்று வைத்தியசாலையில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

முதலில், இது என்ன?

சைக்கிள் டயரை நினைத்துப் பாருங்கள். டயரில் ஓர் இடம் தேய்ந்துவிட்டால், உள்ளே இருக்கும் டியூப் அந்த இடத்தால் கொப்புளம் மாதிரி வெளியே தள்ளும். டியூபில் பிழை இல்லை. டயரில்தான் பிழை. நம் வயிற்றின் சுவரும் அப்படித்தான். தசைகளாலும் உறுதியான சவ்வுகளாலும் ஆன அந்தச் சுவரில் ஓர் இடம் பலவீனமாகிவிட்டால், உள்ளே இருக்கும் கொழுப்போ குடலோ அந்த இடத்தால் வெளியே துருத்தும்.

ஆண்களுக்கு ஏன் அதிகம்? ஆண் குழந்தை தாயின் கருவில் இருக்கும்போது அதன் விதைகள் வயிற்றுக்குள்தான் உருவாகின்றன. பிறப்பதற்கு முன் அவை தொடை இடுக்கு வழியாகக் கீழே இறங்குகின்றன. இறங்கிய பாதை பிறகு மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு முழுதாக மூடுவதில்லை. மூடினாலும் அந்த இடம் சுவரின் மற்ற இடங்களைப் போல உறுதியாக இருப்பதில்லை. ஆகவே இது யாருடைய ஒழுக்கத்தோடும் சம்பந்தப்பட்ட நோய் அல்ல. உடம்பு உருவான விதத்தில் இருக்கும் ஒரு வாசல், அவ்வளவுதான்.

தொடை இடுக்கு தவிர தொப்புளிலும், பழைய சத்திரசிகிச்சைத் தழும்பிலும், தொடையின் மேற்பகுதியிலும் ஹேர்னியா வரும். தொடையின் மேற்பகுதியில் வருவது பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இருப்பதில் ஆபத்தான வகைகளில் அதுவும் ஒன்று.

"இருமுங்க பார்ப்போம்"

வைத்தியரிடம் போனால் அவர் செய்யும் முதல் வேலை, எழும்பி நிற்கச் சொல்லி, கையை வைத்து, "இருமுங்க" என்பதுதான். இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடும், வீக்கம் வெளியே தள்ளும், வைத்தியரின் விரலுக்கு அது தட்டுப்படும்.

இந்தச் சோதனை எவ்வளவு பழையது தெரியுமா? கி.மு. 1550 அளவில் எகிப்தில் எழுதப்பட்ட ஏபர்ஸ் பப்பைரஸ் என்ற மருத்துவச் சுருளிலேயே இருமும்போது வெளிவரும் வயிற்று வீக்கத்தைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. மூவாயிரத்து ஐந்நூறு வருடங்கள் கழித்தும் அதே இருமல்தான். ஸ்கேன் வந்துவிட்டது, ஆனாலும் பெரும்பாலான ஹேர்னியாக்களைக் கண்டுபிடிக்க அனுபவமுள்ள ஒரு கை போதும். சந்தேகமாக இருந்தால்தான் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

அடுத்து ரோமாபுரி. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த செல்ஸஸ் என்பவர் மருத்துவம் பற்றி எழுதிய நூலில் ஹேர்னியாவுக்கான சத்திரசிகிச்சையை விவரிக்கிறார். விதைப்பை வீக்கம் நீரா, குடலா என்று அறிய வெளிச்சத்தைக்கொண்டு பார்க்கும் முறையையும் அவர் காலத்திலேயே அறிந்திருந்தார்கள். நீராக இருந்தால் வெளிச்சம் ஊடுருவும், குடலாக இருந்தால் பொதுவாக ஊடுருவாது. இன்றைக்கும் வைத்தியர் ஒரு சின்ன டோர்ச்சை வைத்துப் பார்ப்பது அதே தந்திரம்தான்.

அடுத்த நூற்றாண்டில் வந்த கேலன், வயிற்றின் உட்சவ்வு கிழிவதால்தான் ஹேர்னியா வருகிறது என்று சொன்னார். அவர் சொன்னது பல நூறு வருடங்களுக்குச் சட்டமாக இருந்தது. அரபியிலும் இதற்குப் பெயர் 'ஃபத்க்', அதாவது கிழிசல். பெயரில் கிழிசல் இருந்தாலும் உண்மையில் அந்தச் சவ்வு கிழிவதில்லை, ஒரு பை போல நீண்டு வெளியே வருகிறது. இது விளங்க மனிதனுக்கு நீண்ட காலம் எடுத்தது.

குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி

நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் பெயர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி. ஸ்பெயினின் குர்துபா நகருக்குப் பக்கத்தில் 936 அளவில் பிறந்தவர், 1013 அளவில் மறைந்தவர். அவர் எழுதிய 'அத்தஸ்ரீஃப்' முப்பது பாகங்களைக் கொண்டது. கடைசிப் பாகம் முழுக்கச் சத்திரசிகிச்சை. ஏறத்தாழ இருநூறு கருவிகளைப் படம் வரைந்து, எதை எங்கே பாவிப்பது என்று விளக்கியிருக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் அது லத்தீனுக்குப் போய், பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவின் சத்திரசிகிச்சைப் பாடமாக இருந்தது.

அந்தப் பாகத்தில் ஹேர்னியாவும் வருகிறது. நோயாளியை மல்லாத்திப் படுக்க வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, வெளியே வரும் குடலை விரலால் உள்ளே தள்ளி, இடத்தை அடையாளமிட்டு, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு வைத்து அந்த இடத்தை இறுகச் செய்வது அவர் விவரிக்கும் ஒரு முறை. கேட்கவே பயமாக இருக்கிறதா? அன்றைக்கு மயக்க மருந்தும் இல்லை, கிருமி என்ற சொல்லும் இல்லை. சூடு வைத்தால் இரத்தம் நிற்கும், அந்த இடம் தழும்பாகி இறுகும் என்பதுதான் அன்றைய அறிவு. சிகிச்சைக்குப் பின் நாட்கணக்காக மல்லாந்து படுத்திருக்க வேண்டும், வயிறு இலகுவாகப் போகும் சாப்பாடு சாப்பிட வேண்டும், முக்கக் கூடாது என்பதும் அந்தக் காலச் சிகிச்சையின் பகுதி. இன்று வாட்டில் தாதி சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான்: மலச்சிக்கல் வரவிடாதீர்கள்.

"எல்லாவற்றையும் நம்மவர்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று எழுதினால் லைக் கூடும். ஆனால் அது அஸ்ஸஹ்ராவிக்குச் செய்யும் மரியாதை அல்ல. அவருடைய சூட்டுக்கோல் முறை இன்று யாரும் செய்வதில்லை. அவரிடம் நாம் எடுக்க வேண்டியது வேறு. உடம்பின் அமைப்பைப் படிக்காமல் கத்தி எடுப்பவர்களைப் பற்றி அவர் அந்தப் பாகத்தின் முன்னுரையிலேயே கடுமையாக எச்சரிக்கிறார். அறியாத வைத்தியர்களின் கையில் செத்துப்போனவர்களை உதாரணம் காட்டுகிறார். முதலில் உடலைப் படி, பிறகு வெட்டு என்ற அந்த வார்த்தையை ஐரோப்பா முழுதாகக் கேட்க இன்னும் பல நூற்றாண்டுகள் ஆனது.

ஊர் ஊராகத் திரிந்த வெட்டுக்காரர்கள்

மத்திய கால ஐரோப்பாவில் ஹேர்னியா சிகிச்சை பெரும்பாலும் படித்த வைத்தியர்களின் கையில் இருக்கவில்லை. சந்தைக்குச் சந்தை திரிந்த வெட்டுக்காரர்களின் கையில் இருந்தது. வந்து, வெட்டி, காசை வாங்கி, புண் பழுக்குமுன் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். பல நேரம் ஹேர்னியாப் பையோடு சேர்த்து விதையையும் வெட்டி எறிந்தார்கள். நோய் போகுமோ இல்லையோ, ஆண்மை போய்விடும். மக்கள் இந்த நோயை மறைத்ததற்கு வெட்கம் மட்டுமல்ல, இந்தப் பயமும் காரணம்.

16ஆம் நூற்றாண்டில் சிலர் இதை எதிர்த்தார்கள். பிரான்ஸின் அம்ப்ருவாஸ் பாரே விதையை வெட்டும் வழக்கத்தைக் கண்டித்து, வீக்கத்தை அழுத்திப் பிடிக்கும் பட்டியைப் பரிந்துரைத்தார். பியர் ஃபிராங்கோ, குடல் இறுகிச் சிக்கிக்கொண்ட ஹேர்னியாவை எப்படி விடுவிப்பது என்று 1561இல் வெளியிட்ட நூலில் எழுதினார். ஜெர்மனியின் லிண்டாவ் நகரில் காஸ்பர் ஸ்ட்ரோமாயர் 1559இல் அழகான படங்களோடு ஒரு கையெழுத்து நூல் தயாரித்தார். தொடை இடுக்கு ஹேர்னியாவில் இரண்டு வகை உண்டு, ஒரு வகையில் விதையைத் தொடவே தேவையில்லை என்று அவர் கண்டிருந்தார். ஆனால் அந்த நூல் அச்சேறாமல் கிடந்து, 20ஆம் நூற்றாண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அறிவு இருந்தும் பகிரப்படாவிட்டால் எத்தனை பேருக்கு நட்டம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

ஒரு சிறுவனும் ஓர் அரசியும்

இப்போது லண்டனுக்கு வருவோம். இரண்டே வருட இடைவெளியில் அங்கே நடந்த இரண்டு சம்பவங்களைப் பாருங்கள்.

1735 டிசம்பர். சென் ஜோர்ஜ் வைத்தியசாலைக்கு 11 வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்படுகிறான். சின்ன வயதிலிருந்தே ஹேர்னியா. தொடைப் பக்கம் ஒரு புண் திறந்து வடிந்துகொண்டிருக்கிறது. கிளோடியஸ் அம்யண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் திறந்து பார்த்தால், ஹேர்னியாப் பைக்குள் இருப்பது குடல்வால். அதைத் துளைத்துக்கொண்டு ஓர் ஊசி! பையன் எப்போதோ விழுங்கிய குண்டூசி. மயக்க மருந்து இல்லாத காலம். அரை மணி நேரம் அந்தப் பிள்ளை பட்ட வேதனையை நினைக்கவே முடியாது. அம்யண்ட் குடல்வாலை வெட்டி அகற்றினார், பையன் பிழைத்தான். உலகத்தில் பதிவான முதல் வெற்றிகரமான குடல்வால் நீக்கம் என்று இன்றும் சொல்லப்படுவது இதுதான். குடல்வால் அகப்பட்ட தொடை இடுக்கு ஹேர்னியாவுக்கு அம்யண்ட் ஹேர்னியா என்றே பெயர்.

1737 நவம்பர். அதே லண்டன். இரண்டாம் ஜோர்ஜ் மன்னரின் மனைவி கரோலின் அரசி வயிற்று வலியால் விழுகிறார். நாட்டின் பெரிய வைத்தியர்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். பேதி மருந்து கொடுக்கிறார்கள், இரத்தம் எடுக்கிறார்கள், ஒன்றும் சரிவரவில்லை. காரணம், அரசி அவர்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. 1724இல் கடைசிப் பிள்ளையைப் பெற்ற பிறகு அவருக்குத் தொப்புளில் ஹேர்னியா வந்திருந்தது. பதின்மூன்று வருடங்களாக அதை மறைத்திருந்தார். கணவருக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அரசியின் விருப்பம். கடைசியில் மன்னரே தாங்க முடியாமல் வைத்தியரிடம் சொன்னபோது குடல் ஏற்கெனவே இறுகிப் பழுதாகியிருந்தது. கத்தி வைத்துப் பார்த்தார்கள். குடல் வெடித்தது. நவம்பர் 20ஆம் திகதி, 54 வயதில் அரசி இறந்தார்.

ஒரு சாதாரண வீட்டுப் பையன் பிழைத்தான், ஓர் இராச்சியத்தின் அரசி செத்தார். அன்றைய வைத்தியத்தில் நேரத்துக்குச் சொல்லியிருந்தாலும் அரசி பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மறைத்ததால் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே வாய்ப்பும் போனது, மேலே பேதி மருந்தும் கொடுத்துக் கெடுத்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்வது அரச குடும்பத்து வம்பு பேசுவதற்கல்ல. நம் வீடுகளிலும் கரோலின் அரசிகள் இருக்கிறார்கள். ஆறு பிள்ளை பெற்று, தொப்புளில் துருத்தும் வீக்கத்தைச் சேலையை இறுக்கி மறைத்துக்கொண்டு, "வாயு" என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடிக்கும் உம்மாமார் இருக்கிறார்கள். ஆண் வைத்தியரிடம் காட்டத் தயக்கம் என்றால் பெண் வைத்தியர் இருக்கிறாரா என்று கேளுங்கள், மகளைக் கூட நிறுத்தச் சொல்லுங்கள். தயக்கத்துக்கு வழி உண்டு. மறைப்பது வழியல்ல.

அறிவு வந்தது, ஆனால் கை நீளவில்லை

18ஆம் நூற்றாண்டின் முடிவிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உடற்கூற்று அறிஞர்கள் தொடை இடுக்கை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார்கள். ஸ்பெயினின் ஹிம்பெர்னாட், இத்தாலியின் ஸ்கார்ப்பா, ஜெர்மனியின் ஹெஸ்ஸல்பாக், இங்கிலாந்தின் அஸ்ட்லி கூப்பர் போன்றவர்களின் பெயர்களை இன்றைய மருத்துவ மாணவர்களும் மனப்பாடம் செய்கிறார்கள். எந்தச் சவ்வு எங்கே, எந்த வாசல் வழியாக எது வருகிறது என்பது தெளிவாகிவிட்டது. அஸ்ஸஹ்ராவி கேட்ட உடற்கூற்று அறிவு கடைசியில் கிடைத்தது.

ஆனாலும் வெட்டத் துணியவில்லை. இரண்டு தடைகள். ஒன்று வலி. மற்றது சீழ். 1846 அக்டோபரில் பொஸ்டன் நகரில் ஈதர் மயக்க மருந்தைப் பகிரங்கமாகச் செய்து காட்டியதோடு முதல் தடை உடைந்தது. 1867இல் ஜோசஃப் லிஸ்டர், புண்ணைச் சீழ்பிடிக்க விடாமல் காக்கும் முறையை வெளியிட்டதோடு இரண்டாவது தடை உடையத் தொடங்கியது.

1867 என்ற வருடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே வருடத்தில் இன்னும் இரண்டு விடயங்கள் நடந்தன.

ஒன்று நம் நாட்டில். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணிசெய்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தவர். அவரது முயற்சியில் 'இரண வைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூல் தமிழில் வந்தது அந்த வருடம்தான். தமிழில் உடம்பைப் பற்றிப் பேச முடியாது, இதெல்லாம் இங்கிலீஷ் விடயம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னரே இந்தத் தீவில் தமிழில் சத்திரசிகிச்சை படித்தார்கள்.

மற்றது இத்தாலியில். அதுதான் நம் கதையின் திருப்புமுனை.

காயம்பட்டவர் காயத்தைக் குணமாக்கினார்

எடோர்டோ பஸ்ஸினி 1844இல் பிறந்தவர். மருத்துவம் படித்து முடித்த இளைஞர். 1867இல் கரிபால்டியின் தொண்டர்களோடு போருக்குப் போனார். ரோமுக்கு அருகில் நடந்த சண்டையில் துப்பாக்கி முனையில் இருந்த கத்தி அவரது வலது தொடை இடுக்கைக் குத்தியது. குடலில் காயம், பிடிபட்டுக் கைதியானார். மாதக்கணக்காகப் புண்ணால் மலம் வடிந்துகொண்டிருந்தது. பிழைத்து எழுந்தவர், பின்னர் பாதுவா நகரில் பேராசிரியரானார். தன் உடம்பில் காயம்பட்ட அதே இடத்தைத்தான் அவர் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார்.

அதுவரை செய்யப்பட்ட சத்திரசிகிச்சைகளில் ஹேர்னியாப் பையைக் கட்டிவிட்டு வாசலைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். டயரைத் திருத்தாமல் டியூபை உள்ளே தள்ளிய மாதிரி. பலருக்கும் சில வருடங்களில் திரும்ப வந்துவிடும். பஸ்ஸினி சுவரையே திருத்தினார். பலவீனமான பின்சுவரைத் திறந்து, தசைப் படைகளை ஒன்றாகச் சேர்த்து, கீழே இருக்கும் உறுதியான நாரோடு வைத்துத் தைத்தார். 1884இல் தொடங்கி, 1887இல் தன் சக வைத்தியர்களுக்கு அறிவித்தார்.

இன்னொன்றும் செய்தார், ஆசிரியர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். கணக்கெடுத்தார். சத்திரசிகிச்சை செய்தவர்களைத் தேடிப் பிடித்து, திரும்ப வந்ததா என்று வருடக்கணக்காகப் பதிந்தார். 1890இல் அவர் வெளியிட்ட 262 சத்திரசிகிச்சைகளின் கணக்கில் திரும்ப வந்தது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. சந்தையில் வெட்டிவிட்டு ஓடியவர்களுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். செய்த வேலையைத் திரும்பிப் பார்த்தார்.

அதே காலத்தில் அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டட் கிட்டத்தட்ட இதே முறைக்குத் தனியாக வந்து சேர்ந்தார். அவருடைய தாதி கரோலின் ஹெம்ப்டனின் கைகள் கிருமிகொல்லித் திரவத்தால் வெந்துபோக, அவருக்காக இறப்பர் கையுறை செய்வித்தார். பிறகு அவரது உதவியாளர் ஹேர்னியா சத்திரசிகிச்சைகளில் கையுறையை ஒழுங்காகப் போடத் தொடங்கியதும் புண் பழுப்பது வெகுவாகக் குறைந்தது. இன்று எல்லா வைத்தியசாலைகளிலும் காணும் கையுறை வழக்கமானதில் ஹேர்னியாவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

கட்டிலை விட்டு எழும்பிய கதை

சத்திரசிகிச்சை சரி. பிறகு? 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இரண்டு, மூன்று கிழமை கட்டிலிலேயே படுத்திருக்க வேண்டும் என்பது வழக்கம். அசைந்தால் தையல் விடும் என்ற பயம். ஆனால் அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும், தசை வலுவிழக்கும்.

கனடாவின் டொரொன்டோவில் இருந்த வைத்தியர் ஷோல்டைஸ் 1932இல் ஒரு சிறுமிக்குக் குடல்வால் எடுத்தார். பிள்ளையைப் படுக்க வைக்க முடியவில்லை, எழும்பி ஓடித் திரிந்தாள். அப்படியும் நன்றாகக் குணமாகிவிட்டாள்! இது அவரை யோசிக்க வைத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹேர்னியா காரணமாக இராணுவத்தில் சேர முடியாமல் போன இளைஞர்களுக்கு அவர் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து சத்திரசிகிச்சை செய்தார், உடனே நடக்கவும் வைத்தார். 1945இல் ஹேர்னியாவுக்கென்றே ஒரு வைத்தியசாலையைத் தொடங்கினார்.

இன்று நம் வாட்டுகளில் "எழும்பி மெதுவா நடங்க" என்று தாதி அன்றைக்கே சொன்னால் கோபிக்காதீர்கள். "ஒப்பரேஷன் செய்தவரை நடக்கச் சொல்றாங்களே" என்று பார்க்க வரும் சொந்தக்காரர்களும் குறைப்படாதீர்கள். நடப்பதும் மருந்துதான்.

நெகிழ வலை, நுளம்பு வலை

தசையை இழுத்துத் தைப்பதில் ஒரு குறை உண்டு. சின்னதாகிப்போன சேட்டின் பொத்தானை இழுத்துப் பூட்டினால் எப்படி இருக்கும்? தையல் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில் ஒட்டுத் துணி வைத்துத் தைத்தால்? அமெரிக்காவின் ஃபிரான்சிஸ் அஷர் 1958இல் நெகிழ் இழையால் பின்னிய வலையை அறிமுகப்படுத்தினார். பின்னர் பொலிப்ரொப்பிலீன் வலை வந்தது. ஆம், நம் வீட்டுப் பிளாஸ்டிக் கதிரையிலும் மாவு மூட்டையிலும் இருக்கும் அதே வகைப் பொருள்தான், ஆனால் உடலுக்குள் வைப்பதற்கென்று சுத்தமாகத் தயாரிக்கப்பட்டது. லொஸ் ஏஞ்சல்ஸின் இர்விங் லிக்டென்ஸ்டைன், தசையை இழுக்காமல் வலையை வைத்துத் தைக்கும் முறையில் ஆயிரம் பேருக்குச் செய்த முடிவுகளை 1989இல் வெளியிட்டார். ஒருவருக்கும் திரும்ப வரவில்லை என்பது அவர் அறிக்கை. வலையின் கண்களுக்குள் நம் சொந்தத் திசு வளர்ந்து, கம்பி வைத்துக் கட்டிய கொங்கிரீட் மாதிரி ஆகிவிடுகிறது. இன்று உலகம் முழுதும் வளர்ந்தவர்களுக்கு அதிகம் செய்யப்படுவது இந்த வகைதான். 1990களிலிருந்து சிறு துளைகள் வழியாகக் கெமரா விட்டு வலை வைக்கும் முறையும் பரவியது.

இதில் நம்மைப் போன்ற நாடுகளுக்கு ஒரு முக்கியமான கிளைக்கதை உண்டு. அந்த வலை விலை கூடியது. இந்தியாவின் மகாராஷ்டிராவில் ஒரு சிறு ஊரில் பணிசெய்த வைத்தியர் டோங்காவ்கர், 1990களில் நுளம்பு வலைத் துணியைக் கிருமி நீக்கிப் பாவிக்கத் தொடங்கினார். பலரும் சந்தேகப்பட்டார்கள். பின்னர் உகண்டாவில் சுமார் 300 ஆண்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு விலைகூடிய வலையும் மற்றதற்கு நுளம்பு வலையும் வைத்து ஆய்வு செய்தார்கள். 2016இல் வெளியான முடிவில் ஒரு வருடம் கழித்து இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. (யாரும் வீட்டு நுளம்பு வலையை வெட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். அது வைத்தியர்கள் முறைப்படி தெரிவு செய்து கிருமி நீக்கிய துணி.) 2022 நெருக்கடியில் மருந்தும் உபகரணமும் இல்லாமல் சில வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போனதைக் கண்ட நமக்கு, மலிவான வழியைத் தேடி அதை நேர்மையாகச் சோதித்த இந்த மனிதர்களின் அருமை நன்றாக விளங்கும்.

அப்படியென்றால் வீக்கம் கண்டவுடன் வெட்ட வேண்டுமா?

தேவையில்லை. அமெரிக்காவில் வலி இல்லாத, அல்லது மிகக் குறைந்த வலியுள்ள 720 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. வெட்டாமல் கவனித்துக்கொண்டிருந்தவர்களில் குடல் சிக்கிய அவசர நிலை, ஆயிரம் பேரை ஒரு வருடம் பார்த்தால் இரண்டு பேருக்கும் குறைவாகவே வந்தது. ஆனால் பத்து வருடத்துக்குள் அவர்களில் மூன்றில் இரண்டு பேர் சத்திரசிகிச்சைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள், பெரும்பாலும் வலி கூடியதால். ஆகவே வைத்தியரிடம் காட்டி, அவர் சொல்லிக் காத்திருப்பது வேறு. யாருக்கும் காட்டாமல் சாரனுக்குள் வைத்துக்கொண்டு காத்திருப்பது வேறு. முதலாவது சிகிச்சை, இரண்டாவது சூதாட்டம்.

பெண்களின் தொடை இடுக்குப் பக்க ஹேர்னியா, கைக்குழந்தைகளின் தொடை இடுக்கு ஹேர்னியா ஆகிய இரண்டையும் பொதுவாகக் காக்க விடமாட்டார்கள். சிக்கிக்கொள்ளும் ஆபத்து கூட. ஆனால் குழந்தைகளின் தொப்புள் வீக்கம் பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானாக மூடிவிடும். காசு வைத்துக் கட்டுவதால் பிரயோசனம் இல்லை, தோல் புண்ணாவதுதான் மிச்சம்.

சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தால் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். எத்தனை மணியிலிருந்து என்று அவர்கள் சொல்வதை அப்படியே கேளுங்கள். "ஒரு வாய் தேத்தண்ணி தானே" என்று ஏமாற்றாதீர்கள், மயக்கத்தில் அது நுரையீரலுக்குப் போகலாம். சீனி, பிரஷர், இரத்தம் ஐதாக்கும் குளிசைகளைப் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள். புகைப்பதை நிறுத்துங்கள், இருமல் தையலின் எதிரி. பலர் அன்றே அல்லது மறுநாள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கொஞ்ச நாளைக்கு வலியும் வீக்கமும் நீலம் பாரித்தலும் இருக்கும். தொழுகையில் குனிந்து எழும்பக் கஷ்டமாக இருந்தால் கதிரையில் இருந்து தொழலாம். தண்ணீர், மரக்கறி, பழம் தாராளமாக எடுங்கள். பாரமான வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதை உங்கள் தொழிலைச் சொல்லி வைத்தியரிடமே கேளுங்கள். மூட்டை தூக்குபவருக்கும் மேசையில் இருப்பவருக்கும் ஒரே பதில் இல்லை. பத்தில் ஒருவருக்கு வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம், அதையும் மறைக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.

இதை மட்டும் கட்டாயம் நினைவில் வையுங்கள். வீக்கம் திடீரென்று கல்லாகி, உள்ளே போகாமல், கடுமையாக வலித்தால், அதோடு சத்தி வந்தால், காற்றும் மலமும் போகாமல் நின்றால், அது இரவு இரண்டு மணியானாலும் நேரே அரச வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வீட்டில் பலவந்தமாக உள்ளே தள்ளாதீர்கள். பேதி மருந்து கொடுக்காதீர்கள். எண்ணெய் தடவி உருவாதீர்கள். குடலுக்கு இரத்தம் ஓடாமல் போனால் மணித்தியாலக் கணக்குத்தான்.

கரோலின் அரசிக்கு மயக்க மருந்து இல்லை, கையுறை இல்லை, வலை இல்லை. நமக்கு எல்லாம் இருக்கிறது, அதுவும் அரச வைத்தியசாலையில் இலவசமாக. இத்தனை நூற்றாண்டுகளாக மனிதர்கள் பாடுபட்டுக் கொண்டுவந்து நம் ஊர் வாசலில் வைத்திருக்கும் இந்தச் சிகிச்சைக்கும் நோயாளிக்கும் நடுவில் இன்று நிற்பது வெட்கம் ஒன்றுதான். அதை எடுத்துவிட வைத்தியர் தேவையில்லை, வீட்டிலுள்ள ஒருவர் போதும்.

"வாப்பா, நீங்க நடக்கக்குள்ள ஏன் அடிக்கடி கையை வைக்கிறீங்க?" என்று இன்று இரவு ஒரு மகன் கேட்டால், "உம்மா, வயித்தில என்னவாவது துருத்துதா?" என்று ஒரு மகள் கேட்டால், இந்தப் பதிவு எழுதியதன் நோக்கம் நிறைவேறிவிடும். வாசித்து முடித்த கையோடு ஒருவருக்காவது சொல்லுங்கள்.